பெயருக்கு வந்த பரீட்சை



2007-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இணையத்தில் ஒரு புதிய தமிழ்ப் பெயர் தோன்றியது. ‘உதாரணம்.பரிட்சை’ என்பது அந்தப் பெயர். அது ஒரு வாணிப நிலையத்தின் பெயரன்று. ஒரு நாட்டின் பெயருமன்று. அதனுடன் வேறு பத்துப் பெயர்களும் தோன்றின. அரபு, பாரசீகம், ரஷ்யம், கிரேக்கம், இந்தி, கொரியம், ஜப்பானியம், இத்திஷ் ஆகிய மொழிகளில் ஒவ்வொன்று. சீனத்தில், எளிதாக்கிய எழுத்தில் ஒன்றும் பழைய எழுத்தில் ஒன்றுமாக இரண்டு. பதினொரு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே. ஆறு ஆண்டுகள் அவை உலவின. 2013 அக்டோபரில் அவற்றை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்காகவே வைத்த பெயர்கள் அவை.

நாம் வழக்கமாகப் ‘பரீட்சை’ என்று நெடில் இட்டு எழுதுவோம். அந்தப் பெயரிலோ குறில்தான் இருந்தது. தமிழாசிரியர் கண்ணில் பட்டிருந்தால் அரை மதிப்பெண் குறைத்திருப்பார். கணிப்பொறி அவரைவிடக் கண்டிப்பானது. அது மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. நெடில் இட்ட பெயரை வேறொரு பெயராகவே கொள்ளும். ‘அப்படி ஒன்று இல்லை’ என்று விடை சொல்லிவிடும். இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது, அதற்கான விதிகளை வகுத்தவர் யார், வகுத்த விதி சரியானதுதானா என்று எவ்வாறு சோதித்தார்கள் என்பவற்றையே இன்று பேச எண்ணுகிறேன்.

இணையத்தில் சேர்ந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்ணால் ஆகிய ஒரு முகவரி உண்டு. எண்கள் மனிதர் நினைவில் நிற்பதில்லை. ஆகவே பெயர்கள் வேண்டியிருந்தன. 1970-களில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் இருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரில் இருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பேணி வந்தது. ஒருவர் புதிய கணிப்பொறி வாங்கினால் அங்கே தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் அவ்வப்போது பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள். சில நூறு பெயர்கள் உள்ளவரை இது சிரமமின்றி நடந்தது. பெயர்கள் பெருகப் பெருக, பிரதி எடுப்பதே பெரும் பாரமாயிற்று. எடுத்து முடிப்பதற்குள் பட்டியல் பழையதாகிவிடும்.

தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் ஜான் போஸ்டல் என்பவர் இருந்தார். இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பலர் எழுதிய யோசனைகளை அவர் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் இளைஞரிடம் கொடுத்து, இவற்றை இணைத்து ஒரு வழி காணுமாறு கேட்டார். மொக்கபெட்ரிஸ் அவற்றை எல்லாம் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த இரண்டு ஆவணங்களில் அது விவரிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1987 நவம்பரில், திருத்திய வடிவம் 1034, 1035 என்ற எண்களுடன் வந்தது. இன்றும் இணையப் பெயர் முறைக்கு அடிப்படை அவையே.

அந்த முறையின் சாரம் எளியது. ஒரே பட்டியல் வேண்டாம். பட்டியலைத் துண்டு துண்டாக்கி, அந்தந்தத் துண்டை அந்தந்தப் பெயருக்கு உரியவரே வைத்துக்கொள்ளட்டும் என்பதே அது. தபால்காரர் உறையின் மேலுள்ள முகவரியைக் கடைசி வரியிலிருந்து படிப்பார் அல்லவா? முதலில் நாடு, பிறகு ஊர், பிறகு தெரு, பிறகு வீடு. பெயர் முறையிலும் அப்படியே. ‘உதாரணம்.பரிட்சை’ எங்கே என்று நமது கணிப்பொறி கேட்டால், நமக்காக வினவும் சர்வர் ஒன்று முதலில் ‘வேர்’ எனப்படும் தலைமைச் சர்வரிடம் போகும். வேருக்கு ‘உதாரணம்’ தெரியாது. ‘பரிட்சை’ என்பதன் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அங்கே சென்று கேட்டால் ‘உதாரணம்’ கிடைக்கும். ஒருமுறை கிடைத்த விடையைக் குறித்த காலம்வரை நினைவில் வைத்துக்கொள்ளவும் சர்வருக்கு அனுமதி உண்டு. இல்லாவிட்டால் வேர் என்றோ திணறிப் போயிருக்கும்.

இந்த விதிகளை எந்த அரசாங்கமும் சட்டமாக இயற்றவில்லை என்பது இக்கதையில் வியப்பான பகுதி. 1969 ஏப்ரலில், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஸ்டீவ் க்ராக்கர், புதிதாக அமையவிருந்த கணிப்பொறி வலையைப் பற்றி ஒரு குறிப்பை எழுதினார். பெரியவர்கள் யாரேனும் வந்து ‘நீ யார் விதி வகுக்க?’ என்று கேட்டுவிடுவார்களோ என்ற தயக்கத்தில், அவ்வகைக் குறிப்புகளுக்குக் ‘கருத்துரை கோருதல்’ என்று பணிவான ஒரு தலைப்பைத் தந்தார். இன்று அவ்வரிசையில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. உலகமே பின்பற்றும் விதிகளுக்கும் அந்தப் பணிவான தலைப்பே நிலைத்துவிட்டது.

1986 முதல் இந்தப் பணி ஐ.இ.டி.எஃப். என்னும் சபையில் நடந்து வருகிறது. அதில் உறுப்பினர் சந்தா இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. ஒரு கருத்துக்கு அவையில் ஆதரவு எவ்வளவு என்று அறிய வேண்டுமானால், தலைவர் அனைவரையும் வாய் திறவாமல் ‘ம்ம்’ என்று ஒலி எழுப்பச் சொல்வதுண்டு. யார் ஒலித்தார், யார் ஒலிக்கவில்லை என்பது தெரியாது. ஒலியின் கனம் மட்டும் காதில் விழும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைவிட, எதிர்ப்பவர் சொல்லும் காரணத்துக்கு விடை உண்டா என்பதே அங்கு முக்கியம். காரணம் சரியானால், ஒருவரே எதிர்த்தாலும் பணி நின்று யோசிக்க வேண்டியதுதான்.

ஒலியோடு அது முடிந்துவிடுவதில்லை. ஓர் ஆவணம் முழுத் தரவிதியாக உயர வேண்டுமானால், அதைப் படித்து, ஒருவரை ஒருவர் பாராமல் எழுதப்பட்ட இரண்டு நிரல்களேனும் இருக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று பிழையின்றிப் பேச வேண்டும். ஏன் இரண்டு? ஒருவர் தம் கையெழுத்தைத் தாமே படிப்பதில் என்ன சிறப்பு? அடுத்தவர் படிக்க முடிகிறதா என்பதல்லவா கேள்வி! மொக்கபெட்ரிஸ் தம் முறைக்குத் தாமே ஒரு நிரல் எழுதினார். 1984-இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் நால்வர் அதே ஆவணங்களைக் கொண்டு ‘பைண்ட்’ என்ற மற்றொரு நிரலை எழுதினார்கள். அதன் வழிவந்த நிரல் இன்றும் உலகெங்கும் பணி செய்கிறது. அது மாணவர்களின் கைவேலையாகத் தொடங்கியது என்பதை நீங்கள் நினைவில் கொள்ளலாம்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். பழைய விதிப்படி ஒரு பெயரில் வரக்கூடியவை ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், பத்து எண்கள், ஒரு சிறு கோடு. ஆக 37 குறிகள். ஆங்கிலம் அறியாத கோடிக்கணக்கானவர்கள் இணையத்துக்கு வந்தபோது, தம் ஊரின் பெயரைத் தம் எழுத்தில் எழுத அங்கே வழியில்லை. எல்லா எழுத்துகளையும் அனுமதித்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்த 37 குறிகளை மட்டுமே எதிர்பார்த்து எழுதிய நிரல்கள் உலகெங்கும் எண்ணற்ற கணிப்பொறிகளில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே நாளில் மாற்ற எவராலும் இயலாது. மாறாதது ஒன்று குறுக்கே நின்றாலும் கடிதம் வழியில் தொலைந்துபோகும்.

ஆகவே மாற்றத்தைக் கடைக்கோடியில், அதாவது நம் மேசையின்மேல் உள்ள கணிப்பொறியில் செய்வது என்று முடிவாயிற்று. நாம் தமிழில் எழுதுவோம். கணிப்பொறி அதைப் பழைய 37 குறிகளால் ஆன ஒரு சங்கேதச் சொல்லாக மாற்றி அனுப்பும். வேரும் பிற சர்வர்களும் வழக்கம்போல் பணி செய்யும். இந்த மாற்றத்துக்கான கணக்குக்குப் ‘பியூனிகோடு’ என்று பெயர். அதை ஆடம் காஸ்டெல்லோ என்பவர் வகுத்தார். 2003 மார்ச்சில் அது விதியாக வெளிவந்தது. ‘பரிட்சை’ என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் அது ஏழு குறிகள். ‘ரி’ என்பது ரகரமும் அதன் மேல் இகரக் குறியும். ‘ட்’ என்பது டகரமும் புள்ளியும். ‘சை’ என்பது சகரமும் ஐகாரக் குறியும். இந்த ஏழும் சேர்ந்து சங்கேதச் சொல்லாகும். நெடிலானால் ஒரு குறி மாறும், சங்கேதமும் மாறிவிடும். தொடக்கத்தில் சொன்ன கண்டிப்பின் காரணம் இதுவே.

2003-இன் விதி மிகுந்த கவனத்துடன் எழுதப்பட்டது. ஆயினும் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. அவை பழக்கத்துக்கு வந்த பின்னரே தெரிந்தன.

முதலாவது, மாலத்தீவினர் பேசும் திவேஹி மொழியைப் பற்றியது. அது வலமிருந்து இடமாகத் தானா என்னும் எழுத்தில் எழுதப்படுகிறது. அரபு போன்ற அத்தகைய எழுத்துகளில் பெயரின் முதலும் கடைசியும் முழு எழுத்தாகவே இருக்க வேண்டும். மேலும் கீழும் இடும் குறியாக இருத்தல் கூடாது என்று விதி சொல்லிற்று. இடமும் வலமும் கலந்து குழம்பாதிருக்க எழுதப்பட்ட நியாயமான விதிதான். ஆனால் திவேஹியில் ஏறக்குறைய எல்லாச் சொற்களும் உயிர்க்குறியிலோ, உயிரின்மையைக் காட்டும் குறியிலோதான் முடியும். ஆகவே அந்த மொழியில் சாதாரணச் சொல் எதையும் பெயராக வைக்க முடியாது போயிற்று! ஒரு தேசத்தின் மொழி முழுவதும் ஒரே வரியால் வெளியே நின்றுவிட்டது. யாரும் அவர்களை விலக்க எண்ணவில்லை. விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்த உதாரணங்களில் அந்த மொழி இல்லை, அவ்வளவே. நம் ‘பரிட்சை’யும் ஐகாரக் குறியில் முடிவதுதான். நாம் இடமிருந்து வலமாக எழுதுவதால் தப்பினோம்.

இரண்டாவது, சிங்கள மொழியைப் பற்றியது. அதில் ‘ஸ்ரீ’ என்பதை முறைப்படி எழுதுவதற்குக் கணிப்பொறியில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி நடுவில் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறிகளை வைத்து வஞ்சகர்கள் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பெயர்களைப் படைத்துவிடலாம் என்று அஞ்சி, அவற்றை எல்லாம் நீக்கிவிடுமாறு விதி எழுதியிருந்தார்கள். விளைவாக, ஸ்ரீலங்கா என்ற நாட்டின் பெயரையே அந்நாட்டார் தம் எழுத்தில் சரியாக அமைக்க முடியவில்லை.

இரண்டு குறைகளும் 2010 ஆகஸ்டில் வெளிவந்த புதிய விதிகளில் தீர்க்கப்பட்டன. வலமிருந்து எழுதும் மொழிகளுக்கான விதியை ஹரால்டு அல்வெஸ்ட்ராண்ட், கேரி கார்ப் என்னும் இருவர் திருத்தி எழுதினார்கள். திவேஹிச் சொற்களையும் இத்திஷ் சொற்களையும் தம் ஆவணத்திலேயே எடுத்துக்காட்டி, பழைய விதி எங்கே தவறியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். இணைப்புக் குறி பொறுத்தவரை, அதற்கு முன்னால் உயிரை நீக்கும் குறி வந்தால் மட்டும் அதை ஏற்கலாம் என்று நிபந்தனை வகுத்தார்கள். வஞ்சகத்துக்கும் இடமில்லை, மொழிக்கும் இடையூறில்லை.

தமிழிலும் ‘ஸ்ரீ’ தொல்லை தருவதுதான். ஆனால் வேறு வகையில். யூனிகோடில் அதை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம். 2005-இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தைக் கொண்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே வடிவமாகத் தெரியும். கணிப்பொறிக்கோ இரண்டும் வேறு. ஆகவே வேரில் ஏறும் தமிழ்ப் பெயர்களுக்கு விதி வகுத்த குழு, இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று மாற்றுரு என்று குறித்துள்ளது. ஒரு வடிவம் ஒருவருக்கும் மற்றது வேறொருவருக்கும் போகாமல் இருக்க இது காவல்.

மீண்டும் 2007-க்கு வருவோம். வேரின் பட்டியலை மேற்பார்க்கும் ஐகான் என்ற அமைப்பு, புதிய எழுத்துப் பெயர்களை நேரே வேரில் ஏற்றிவிடவில்லை. உலகம் முழுவதும் பற்றி நிற்கும் வேர் அது. அங்கே பிழை நேர்ந்தால் எல்லார் வீட்டிலும் விளக்கு அணையும். முதலில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆட்டோனோமிக்கா என்ற நிறுவனம், ஆய்வுக்கூடத்தில் ஒரு போலி வேரை அமைத்து, அதில் இப்பெயர்களை இட்டுப் பார்த்தது. சர்வர்களின் நடைமுறையில் எந்தக் கோளாறும் இல்லை என்று மார்ச் மாதத்தில் அறிவித்தார்கள். அதன் பின்னரே அக்டோபரில் உண்மையான வேருக்குப் பதினொரு பெயர்கள் வந்தன.

பரீட்சைக்கென்று பெயர் ஒதுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. ‘டெஸ்ட்’, ‘எக்ஸாம்பிள்’ முதலிய ஆங்கிலச் சொற்களை யாருக்கும் விற்காமல் சோதனைக்கும் விளக்கத்துக்கும் ஒதுக்கி 1999-இலேயே ஓர் ஆவணம் வெளிவந்தது. அதைத்தான் தமிழாக்கி ‘உதாரணம்.பரிட்சை’ என்றார்கள். பொதுமக்கள் அந்தப் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். தங்கள் உலாவியில் தமிழ் எழுத்தாகத் தெரிகிறதா, சங்கேதச் சொல்லாகத் தெரிகிறதா, கடிதத்தில் ஒட்டினால் என்ன ஆகிறது என்று கவனிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வேர் என்னும் வலுவான மரத்துக்கு ஒன்றும் நேரவில்லை. இலைகளில்தான், அதாவது நாம் அன்றாடம் கையாளும் நிரல்களில்தான், கோளாறுகள் இருந்தன.

அதன் பயனை நாம் கண்டோம். 2010-இல் ‘.இலங்கை’ வேரில் ஏறியது. 2011-இல் ‘.இந்தியா’வும் ‘.சிங்கப்பூர்’ என்பதும் ஏறின. தமிழ்ப் பெயர் மூன்று நாடுகளுக்கு உண்டு என்ற பெருமை ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயர்களுக்கு முன்னால் ஒரு பெயர் நமக்காகப் பரீட்சை எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

எழுத்துகளைப் பற்றியதல்லாத வேறொரு பரீட்சையையும் சொல்ல விரும்புகிறேன். பொய்யான விடையை எவரும் புகுத்தாதபடி, பெயர் முறையின் விடைகளுக்கு முத்திரை இடும் ஒரு விதி உண்டு. 2010 ஜூலை முதல் வேரும் தன் விடைகளுக்கு முத்திரை இடுகிறது. அந்த முத்திரையைச் சரிபார்க்கும் திறவுகோலை அவ்வப்போது மாற்றியாக வேண்டும். முதன்முறை மாற்றுவதற்கு 2017 அக்டோபர் 11-ஆம் நாள் குறிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த வேறொரு விதி, வினவும் சர்வர்கள் தம்மிடம் உள்ள திறவுகோல் எது என்பதை வேருக்குத் தெரிவிக்க வழி செய்தது. செய்திகள் வரத் தொடங்கின. கணிசமான சர்வர்களிடம் பழைய திறவுகோல் மட்டுமே இருப்பது தெரிந்தது. மாற்றியிருந்தால், அவற்றை நம்பியிருப்பவர்களுக்குக் கேட்ட பெயருக்கெல்லாம் விடையின்றிப் போயிருக்கும். முத்திரை பார்க்கும் சர்வர்களை நம்பியவர்கள் ஏறத்தாழ எழுபத்தைந்து கோடிப் பேர் என்பது அன்றைய ஐகானின் மதிப்பீடு.

நாள் குறித்து, உலகுக்கெல்லாம் அறிவித்து, இரண்டே வாரம் இருக்கும்போது ஐகான் அதை ஒத்திவைத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. குறித்த நாளில் செய்து முடித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கத்தான் செய்கிறது, அதை விட்டுக்கொடுத்தார்கள். ஓராண்டு காலம் காரணங்களை ஆராய்ந்தார்கள். சர்வர்களை நடத்துவோருக்கு எச்சரிக்கை செய்தார்கள். 2018 அக்டோபர் 11-ஆம் நாள் திறவுகோல் மாறியது. சொற்பமான சில தொல்லைகளைத் தவிர எவரும் எதையும் உணரவில்லை.

இன்னும் முடியாத பரீட்சை ஒன்று இருக்கிறது. அது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. மின்னஞ்சல் முகவரியையும் தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ள 2012 பிப்ரவரியிலேயே விதிகள் வந்துவிட்டன. ஆனால் பல இணையதளங்களின் விண்ணப்பப் படிவங்களில் அத்தகைய முகவரியை எழுதினால், ‘முகவரி தவறு’ என்று சிவப்பு எழுத்தில் விடை வரும். தவறு முகவரியில் இல்லை. படிவத்தை எழுதியவர் இன்னும் அந்த 37 குறிகளின் காலத்திலேயே இருக்கிறார். உங்கள் கல்லூரியின் படிவத்திலோ நூலகத்தின் படிவத்திலோ எழுதிப் பாருங்கள். மறுத்தால், அதைப் பேணுபவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். எந்த முகவரியை எழுதினீர்கள், எந்த நாளில் எழுதினீர்கள், திரையில் வந்த வாசகம் என்ன என்ற மூன்றையும் அதில் மறவாமல் குறிப்பிடுங்கள். அந்த மூன்றும் இருந்தால்தான் அவரால் பிழையைத் தேடிப் பிடிக்க முடியும்.